பாலும் பழமும் சேராத விரதம்

மூன்று மாதமாக நெஞ்சுக்குக் கீழே எரிச்சல். முதலில் அது இதயம் என்று முடிவு செய்தேன். ஈ.சி.ஜி. எடுத்தவர்கள் சிரிக்காமல் திருப்பி அனுப்பினார்கள். சரி, இரைப்பையில் ஓட்டை விழுந்துவிட்டது என்று அடுத்த முடிவுக்கு வந்தேன். என் முடிவுகளுக்கு ஆதாரம் தேவைப்பட்டதே கிடையாது. குழாய் விட்டுப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா நாள் குறித்ததும் மனைவியைக் கூப்பிட்டு, “வண்டி ஆர்.சி. புக் பீரோவுல ரெண்டாவது தட்டுல இருக்கு” என்றேன்.

“எண்டாஸ்கோப்பிக்குத்தான போறீங்க, எமலோகத்துக்கா?” என்றாள்.

வெறும் வயிற்றோடு வரச் சொல்லியிருந்தார்கள். வருஷா வருஷம் சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிற எனக்கா தெரியாது? குளித்து, விபூதி பூசி, மனைவி கோலம் போடுகிற நேரத்தில் ஒரு டம்ளர் பாலும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொண்டேன். மூலக்குளத்து வீட்டிலிருந்து இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம்.

“ஏதாச்சும் சாப்ட்டீங்களா சார்?” என்றாள் நர்ஸ்.

“ஒண்ணும் இல்லம்மா. பாலும் பழமும்தான்.”

“ஐயோ! அது சாப்பாடு இல்லயா?”

“விரதத்துல அது சேராதும்மா.”

“முருகருக்குச் சேராது சார், எங்க டாக்டருக்குச் சேரும். நாளைக்கு வாங்க.”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டாக்டரம்மா கூப்பிட்டு விசாரித்தார். “எரியறப்பல்லாம் பால்தான் குடிக்கிறீங்களா?”

“தீய அணைக்கிறேன் டாக்டர்.”

பால் கொஞ்ச நேரம்தான் குளுமை காட்டுமாம். பிறகு, சாப்பாடு வந்துவிட்டது என்று இரைப்பை கூடுதலாக அமிலம் சுரக்குமாம். வாசனை பட்டாலே, ஏன், சோற்றை நினைத்தாலே போதும், மூளை நரம்பு வழியாகச் சேதி அனுப்பிவிடும். சோறு உள்ளே விழுந்ததும் இரைப்பையின் கீழ்ப்பக்கம் ஒரு ஹார்மோனை ரத்தத்தில் கலந்து இன்னும் அமிலம் கேட்கும். அமிலம் போதுமென்றானதும் அதே கீழ்ப்பக்கமே நிறுத்தவும் சொல்லும். அத்தனை அமிலமும் சுவரை அரித்துவிடாமல் வழவழப்பான ஒரு பூச்சு வேறு.

“அந்தப் பூச்சு எங்கயாச்சும் விட்டிருக்கான்னு நாளைக்குப் பாத்துடலாம்” என்றார்.

விட்டிருக்கான்னு! அந்த ஒரு சொல்லை வைத்து நாள் முழுக்க ஓட்டினேன். சாம்பார் வாசனை வந்தபோது மூக்கைப் பிடித்துக்கொண்டேன். “எதுக்கு?” என்றாள் மனைவி. “சேதி போயிடும்” என்றேன்.

மறுநாள் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. தொண்டையில் கசப்பாக மருந்தடித்து மரத்துப்போக வைத்து, இடப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்தார்கள். கண்ணை மூடிக்கொள்ளத்தான் நினைத்தேன். ஆனால் திரையில் என் வயிறு தெரிந்தது. ரோஜா நிறத்தில், மடிப்பு மடிப்பாக, ஈரம் மின்ன, நான் செய்த அத்தனைக்கும் பிறகு இவ்வளவு லட்சணமாக!

“ஓட்டையும் இல்ல, புண்ணும் இல்ல. ஒரு எடத்துல லேசா செவந்திருக்கு. மாத்திரய காலைல சாப்பாட்டுக்கு அர மணி முன்னாடி போடுங்க. பால வச்சி வைத்தியம் பண்ணாதீங்க.”

தொண்டை மரப்பு போகும்வரை எதுவும் விழுங்கக் கூடாது என்பதால் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தோம். எதிர் பேக்கரியில் ரொட்டி வெந்து இறங்கியது. வாயில் எச்சில் ஊறியது. வயிறு தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியது.

“என்னாங்க அது?” என்றாள் மனைவி.

“சேதி போயிடுச்சி. வேல ஆரம்பிச்சிட்டாங்க.”

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். “இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு. இதான் விரதம், தெரிஞ்சிக்குங்க.”

ரொட்டி வாசனையை நன்றாக இழுத்து உள்ளே விட்டேன். மறுபடியும் கத்தியது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.