ஒப்புட்டுத் தின்றவர்கள் சொல்லாதது

1. நூலுக்குப் பதில் பிக்சல்

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு எம்பிராய்டரி டிசைன் போட்டுக்கொண்டிருந்தவள் நான். பூவோ புலியோ, கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பிரித்து எந்தக் கட்டத்துக்கு எந்த நூல் என்று நிரப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான், தான் செய்யும் வீடியோ கேமுக்குப் படம் போட பிரபு என்னைக் கூப்பிட்டான். கருமத்தம்பட்டியில் அவன் வீட்டு மாடியறையில் முதல் நாள் போய் உட்கார்ந்தபோது கீழே தறி ஓடிக்கொண்டிருந்தது, மேசையே லேசாக ஆடியது. "நூலுக்குப் பதிலா பிக்சலுங்க்கா, அவ்வளவுதான்" என்றான். அவன் அவ்வளவுதான் என்று சொன்ன எதுவும் அவ்வளவோடு நின்றதில்லை.

சின்ன வயதில் காந்திபுரத்துக் கடையில் கேம் கேசட் வாடகைக்கு எடுத்து டி.வி.யோடு மாட்டி விளையாடிய சாகச கேம்கள் அவன் தலையை விட்டு இறங்கவே இல்லை. வாளோடு ஒரு குட்டி ஆள், மேலிருந்து தெரியும் காடு, சாவி, குகை. சண்டை போடப் போட ஆளுக்குப் பலம் கூடும். அப்படி ஒன்றை நம் மலையடிவாரத்தில் நடப்பதாகச் செய்ய வேண்டும் என்று பம்ப் கம்பெனி வேலையையே விட்டுவிட்டான். 'கரடிமடை' என்று பெயரும் வைத்தான். அவன் மூளையும் என் படமும் போக எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. இன்றைக்கு நினைத்தாலும் அந்த மாடியறைக்கு மனசு ஏங்குகிறது.

பம்ப் கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். சித்திரை பிறக்கும் வரை அவன் இடத்தைக் காலியாக வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் கேம் தேறாவிட்டால் திரும்பப் போய்விடுகிறேன் என்று பிரபு தன் மனைவி கவிதாவிடம் வாக்குக் கொடுத்திருந்தான். அவள் பள்ளிக்கூடச் சம்பளத்தில்தான் குடும்பம் ஓடியது. ஒரு நாளும் அவள் முகம் கோணியதில்லை, அதுதான் அவனை இன்னும் வாட்டியது.

2. ஞாயிற்றுக்கிழமை விருந்து

முதல் இரண்டு குகைகள் தயாரானதும் டெஸ்டிங் ஆரம்பித்தோம். பம்ப் கம்பெனியில் பிரபுவோடு வேலை பார்த்தவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் வரச் சொன்னோம். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்தவரை வெறும் வயிற்றோடு உட்கார வைப்பது நடக்குமா? கவிதா ஒப்புட்டு, அதுதான் போளி, சுட்டு மேலே நெய் ஊற்றிக் கொடுப்பாள். தின்றுவிட்டு மாடிக்குப் போவார்கள். நாங்கள் கீழேயே இருந்துவிடுவோம். பின்னால் நின்று பார்ப்பது, விருந்தாளி சாப்பிடும்போது இலையையே பார்ப்பது போல அநாகரிகம் என்று நினைத்தோம்.

இறங்கி வந்த அத்தனை பேரும் நல்லா இருக்குதுங்க என்றார்கள். சிவராஜ் என்கிற ஃபிட்டர் மட்டும் ரொம்ப அருமை என்று ஒருபடி மேலே போனார். பிரபுவுக்குக் கால் தரையில் பாவவில்லை. எனக்கும்தான்.

பங்குனியில், ஞாயிறு தோதுப்படாமல், ஒரு சனிக்கிழமை டேவிட் வந்தார். அவரும் அதே கம்பெனி, சிவராஜுக்கு நெருங்கின கூட்டாளி. கவிதா தட்டை நீட்டினாள். தவக்காலம், சாயங்காலம் வரை தண்ணீர்தான் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மாடிக்குப் போனார். போன சுருக்கில் இறங்கி வந்தார்.

"ஏனுங்க பிரபு, ரெண்டாவது குகைக்குக் கதவே இல்லீங்களே. எந்தப் பக்கம் போனாலும் செவுருதான். எனக்குச் சலிச்சுப்போச்சுங்க."

பிரபு சிரிக்கப் பார்த்தான். சிவராஜ் அருமை என்றாரே என்று கேட்டான்.

"அவனும் அந்தச் செவுத்தோட நின்னுபோட்டானுங்க. என்கிட்டச் சொன்னான். அம்மணி கையால நாலு ஒப்புட்டுத் தின்னுபோட்டு, உங்க மூஞ்சியப் பார்த்து அவன் எப்படிங்க சொல்லுவான்?"

கவிதா தட்டோடு அப்படியே நின்றாள். எனக்குச் சுரீர் என்றது. வந்தவர்கள் எல்லாரும் அந்தச் சுவரை வெறித்துப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, எங்கள் மனசு நோகக் கூடாதென்று சிரித்தபடி இறங்கி வந்திருக்கிறார்கள்.

3. சண்டை

கதவு இருந்தது. சுவரில் ஒரே ஒரு கல்லை வாளால் தட்டினால் திறக்கும். எது அந்தக் கல் என்பதற்கு ஒரு அடையாளமும் கிடையாது. எங்களுக்கு இடம் தெரியும், கண்ணை மூடிக்கொண்டு தட்டுவோம்.

"அந்தக் காலத்துல ஒவ்வொரு கல்லா தட்டித்தானுங்க்கா கண்டுபிடிச்சோம். அதுதான் சுகமே" என்றான் பிரபு.

எனக்குக் கோபம் மூக்கு மேல் வரும். "அப்ப உனக்குப் பத்து வயசு, பள்ளிக்கூடம் லீவு. கையில வேற கேசட்டும் இல்ல, தட்டினே. இன்னிக்கு எவன் சாமி உட்கார்ந்து தட்டிட்டு இருப்பான்?"

அவன் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனான். அடுத்த நாளும் மாடிக்கு வரவில்லை. வேலைக்கே திரும்பிவிடுகிறேன் என்று அவன் மேனேஜரிடம் பேசப் போவதாகக் கவிதா சொன்னாள். நான் சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் முரட்டுத்தனம்.

அதற்கடுத்த நாள் அவனே வந்தான். அம்புக்குறி போட்டுக் காட்ட மட்டும் மாட்டேன், கண்ணுள்ளவனுக்குத் தெரிகிற மாதிரி ஏதாவது வரையுங்கள் என்றான். தொண்டாமுத்தூர்ப் பக்கம் பாறை இடுக்கில் காற்று வந்து புல் ஆடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கல்லடியில் ஒரு பிடி புல் வரைந்தேன். குகைக்குள் எல்லாம் அசையாமல் நிற்கும், அந்தப் புல் மட்டும் லேசாக ஆடும். அவ்வளவு சின்னதைச் சரிப்படுத்தவே ஒரு வாரம் போனது.

4. சிவராஜ் வாய் திறக்கவில்லை

சித்திரை பிறக்க நாலைந்து நாள்தான் இருந்தது. சிவராஜையே மறுபடி கூப்பிட்டோம். இந்தத் தடவை சாப்பாடு ஆட்டத்துக்கு அப்புறம் என்று நான் கறாராகச் சொல்லிவிட்டேன். நாகரிகத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டு அவர் பின்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தோம்.

முதல் குகை முடிந்தது. இரண்டாவதில் பழையபடி சுவர் ஓரமாகவே நடந்தார். புல்லைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்தார். முகத்தைத் திரைக்குக் கிட்டே கொண்டுபோனார். வாளை ஓங்கித் தட்டினார். கல் உருண்டது.

கீழேயிருந்து கவிதா சாப்பிடக் கூப்பிட்டாள். சிவராஜ் காதில் விழவில்லை. உள்ளே கரடியிடம் செத்தார், மறுபடி வந்தார், மறுபடி செத்தார். அவள் மாடிக்கே ஏறி வந்து, "ஏனுங்ணா, சோறு ஆறுதுங்க" என்றாள்.

"இருங்க அம்மணி, இந்தக் கரடியை மட்டும் முடிச்சுபோட்டு வாரேனுங்க" என்றார், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கேம் எப்படி இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை. இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளிடம் இதைத்தான் சொல்கிறேன்: ஆடுகிறவரிடம் அபிப்பிராயம் கேட்காதீர்கள், பின்னால் உட்கார்ந்து கையைப் பாருங்கள்.

பிரபு எழுந்து படிக்கட்டுக்குப் போய் மேனேஜருக்குப் போன் போட்டான். கவிதா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சார், வேற ஆளைப் போட்டுக்கோங்க சார்" என்றான். "நான் வரலீங்க."