பெரியப்பா எழுதிய மரண அறிவித்தல்

என் பெரியப்பா தன்னுடைய மரண அறிவித்தலைத் தானே எழுதியதற்கு நான்தான் காரணம். ஒரு கேள்வி கேட்டேன், அவ்வளவுதான். பத்து வயதில் கேள்விகள் தும்மலைப்போல வரும், அடக்கத் தெரியாது.

பெரியப்பா இளைப்பாறிய சரித்திர ஆசிரியர். கலியாணம் கட்டாதவர். சண்டிலிப்பாயில் எங்களோடுதான் இருந்தார். எங்கள் புரட்டஸ்தாந்து தேவாலயத்தில் ஞாயிறு பாடசாலை நடத்தினார். வேதாகமத்தில் புத்தகங்கள் அறுபத்தாறு, முதல் ஐந்தையும் எழுதியவர் மோசே, முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளிவரை மோசே. காலையில் கிழக்கு வெளுப்பதைப்போல அவருக்கு இது சந்தேகமில்லாத விஷயம்.

அந்த அறுபத்தாறில்தான் எங்கள் குடும்பம் இரண்டாகியிருந்தது. அவருடைய ஒரே தங்கை, என் மாமி, குருநகர்க் கத்தோலிக்கர் ஒருவரைக் கட்டிக்கொண்டு, எழுபத்துமூன்று புத்தகம் உள்ள வேதாகமத்தோடு அங்கே போய்விட்டார்.

"உன்ரை வேதத்திலை ஏழு புத்தகம் கூடவடி" என்றாராம் பெரியப்பா.

"கூட இல்லை அண்ணை. உங்கடை ஆக்கள்தான் ஏழைக் கழட்டி எறிஞ்சவை. சரித்திரத்தைப் படியுங்கோ" என்றாராம் மாமி.

சரித்திர வாத்தியாரிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? புத்தகத்துக்கு ஒரு வருடமாக ஏழு வருடம் இருவரும் கதைக்கவில்லை. அப்பா மட்டும் பெருநாளுக்குப் பெருநாள் என்னை ஒளித்துக் கூட்டிப்போவார். திரும்பி வந்தால், மாமி பொரித்த மீனின் வாசம் விரலைவிட்டுப் போகும்வரை நான் பெரியப்பாவின் பக்கம் போகமாட்டேன். புறப்படும்போது மாமி வாசல்வரை வந்து ஒன்றே ஒன்று கேட்பார்: "அண்ணை என்னைப்பற்றி ஏதும் கேட்டவரோ?" நான் செருப்பைப் பார்ப்பேன். மாமி என் தலையைத் தடவிவிட்டு உள்ளே போய்விடுவார்.

என் கேள்விக்கு வருகிறேன். அந்த ஐந்தில் கடைசிப் புத்தகமான உபாகமத்தின் கடைசி அதிகாரத்தில் மோசே இறந்துபோகிறார். சனங்கள் முப்பது நாள் அழுகிறார்கள். அவரை அடக்கிய இடம் இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது என்றும் எழுதியிருக்கிறது.

"பெரியப்பா, செத்த ஆள் இதை எப்பிடி எழுதினவர்?"

வகுப்பு சிரித்தது. வாசலில் நின்ற போதகர் மெதுவாகச் சொன்னார்: "கடைசிப் பகுதியை மோசேக்குப் பிறகு வந்த யோசுவா எழுதிச் சேர்த்திருக்கலாம், மாஸ்ரர். வேதத்தை அப்பிடியே நம்புற பெரியாக்கள் கனபேர் அப்பிடித்தான் சொல்லினம்."

"இண்டைக்கு ஒரு அதிகாரத்தைக் குடுத்தால் நாளைக்கு ஐஞ்சு புத்தகத்தையும் கேப்பினம் ஐயா" என்றார் பெரியப்பா. "கர்த்தர் சொல்லச் சொல்ல ஒரு மனுசன் தன்ரை சாவைத் தானே எழுத ஏலாதோ? நான் எழுதிக் காட்டுறன்!"

எழுதினார். அன்று பின்னேரமே, கோடு போட்ட கொப்பித் தாளில், கரும்பலகையில் எழுதிப் பழகிய அந்த உருண்டை எழுத்தில். கர்த்தருக்குள் நித்திரையடைந்தார் என்ற இடத்தில் திகதிக்கு மட்டும் வெற்றிடம். மேல்பாதியை எனக்குப் பெருமையோடு காட்டினார். உறவினர் பெயர்கள் இருந்த கீழ்ப்பாதியை மடித்துப் பிடித்துக்கொண்டார்.

மறுநாள், தேவாலயத்தின் அறுப்பின் பண்டிகை அறிவித்தலை அச்சகத்தில் கொடுத்துவிட்டு வா என்று ஒட்டிய உறை ஒன்றைத் தந்தார். அச்சகம் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பூட்டியிருந்தது. கதவின் கீழால் தள்ளிவிட்டு, வழியெல்லாம் மாமரம் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அச்சகக்காரர் பெரியப்பாவின் பழைய மாணவர். உறையைப் பிரித்தவர் அழுதுவிட்டாராம். செத்தவீட்டுக்காரரை அலைக்கழிக்கக்கூடாது என்று திகதியைத் தானே போட்டு, உடனே அச்சடித்து, சண்டிலிப்பாய்ச் சந்தியிலிருந்து பட்டினத்துக் குருநகர்வரை சைக்கிளில் போய் ஒட்டியிருக்கிறார். அந்த நாட்களில் எங்கள் கம்பங்களில் மின்சாரம் இல்லை. அறிவித்தல் ஒட்ட நல்ல வசதி.

அடுத்த நாள் காலை பெரியப்பா கத்தரிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பந்தல் போடுகிறவர்கள் தடிகளோடு வந்து முற்றத்தில் குழி தோண்டத் தொடங்கினார்கள்.

"ஆர் செத்தது?" என்று கேட்டார் பெரியப்பா.

"வாத்தியார். நீங்கள் ஆர், சொந்தமோ?"

"ஓம், கிட்டின சொந்தம்."

எனக்கு உறை ஞாபகம் வந்தது. கோழிக்கூட்டுக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். அதற்குள் ஒழுங்கை முனையில் ஒரு குரல் எழுந்தது.

"என்ரை அண்ணை! என்னோடை ஒரு சொல்லுக் கதைக்காமல் போட்டியளே!"

நெஞ்சில் அடித்துக்கொண்டு படலையைத் தள்ளிய மாமி, வாளியோடு நின்ற அண்ணனைக் கண்டார். வாய் திறந்தபடியே நின்றது. பின்னால் மாமா, கையில் முழநீள மெழுகுதிரி.

"நல்லாத்தான் அழுகிறாய். ஏன் நிப்பாட்டினனி?" என்றார் பெரியப்பா.

மாமி விடவில்லை. இடுப்பில் செருகியிருந்த தாளை இழுத்தெடுத்தார். கம்பத்திலிருந்து உரித்தது, பசைகூடக் காயவில்லை. "உதிலை முதலாவதாய் என்னைப் போட்டிருக்கிறியள். அன்புச் சகோதரி எண்டு. இவரையும் மைத்துனர் எண்டு போட்டிருக்கிறியள்."

"அறிவித்தலிலை பொய் எழுதக்கூடாதெல்லோ" என்றார் பெரியப்பா, கத்தரிச் செடியைப் பார்த்தபடி.

பந்தலை வீணாக்கவில்லை. அழ வந்தவர்கள் அதன் கீழிருந்து சாப்பிட்டார்கள். மத்தியானத்துக்குள் ஏழு புத்தகச் சண்டை மறுபடி தொடங்கிவிட்டது. ஆனால் சோற்றுக்கும் குழம்புக்கும் நடுவில், ஒரே பந்தியில். "உறை மாறிப்போச்சு" என்று பெரியப்பா எல்லோரிடமும் சொன்னார். அடி விழவில்லையே என்ற சந்தோஷத்தில் நான் அதற்குமேல் ஒன்றும் யோசிக்கவில்லை. என்னால்தான் மாறிப்போயிற்று என்றே நெடுங்காலம் நம்பியிருந்தேன்.

போன மாரியில், தொண்ணூறைத் தாண்டி, பெரியப்பா உண்மையாகவே போனார். அவருடைய வேதாகமத்தைத் திறந்தேன். உபாகமம் முடியும் பக்கத்தில் இரண்டு தாள்கள். ஒன்று, அச்சகத்திலிருந்து திரும்பி வந்த, அவர் கையால் எழுதிய அந்த மரண அறிவித்தல். மற்றது, அன்று போயிருக்கவேண்டிய அறுப்பின் பண்டிகை அறிவித்தல். எந்த உறைக்குள்ளும் போயிராத தாள். ஒரு மடிப்புக்கூட இல்லை. உறை ஒட்டுமுன் மூன்று தரம் சரிபார்க்கிற மனிதர் அவர்.

பழைய தாளையே அச்சுக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று. அச்சகக்காரர் போட்டிருந்த திகதியை வெட்டிவிட்டு, என் கையால் புதியதை எழுதினேன். மூக்குக்கண்ணாடியை உயர்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார் மாமி.

"இந்த ஒரு இடம் மட்டும் என்ரை எழுத்து மாமி" என்றேன்.

"அதை ஒருத்தருக்கும் சொல்லாதை பிள்ளை" என்றார் மாமி. "முழுக்க அண்ணைதான் எழுதினவர்."