லைலாவுக்கு மாப்பிள்ளை வீட்டுச் சீர்

நேற்று காலை வாட்ஸ்அப்பைத் திறந்தால், ஐந்து நாய்க்குட்டிகள்!

ஐந்தும் கன்னங்கரேல். ஐந்துக்கும் நாலு காலிலும் வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரி பாதம்.

அனுப்பியவர் பல்லடம் ஸ்டெல்லா அக்கா. படத்துக்குக் கீழே ஒரே ஒரு கேள்விக்குறி.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக: பீளமேட்டில் எங்கள் வீட்டு முன்னறையில் நாய்களுக்கான கிஃப்ட் கடை நடத்துகிறேன். பெயர் பொறித்த காலர், கழுத்தில் கட்டும் ஸ்கார்ஃப், பிறந்தநாள் ஹேம்பர், எல்லாம் உண்டு. (அம்மா இன்னும் சொந்தக்காரர்களிடம், "புள்ள கம்ப்யூட்டர் வேலையிலதானுங்க இருக்குது" என்றுதான் சொல்கிறார்.)

ஸ்டெல்லா அக்கா டீச்சர். சர்ச்சுக்குப் போனால்கூட பைபிளுக்குள் லைலாவின் போட்டோ இருக்கும். லைலா அவருடைய கோல்டன் ரெட்ரீவர்.

இரண்டு மாதத்துக்கு முன் லைலாவுக்கு உடுமலைப்பேட்டையில் மாப்பிள்ளை அமைந்தது. தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஓர் அண்ணனின் நாய், ராக்கி. அவனும் கோல்டன்தான்.

பிறக்கும் குட்டிகளில் முதல் குட்டியை மாப்பிள்ளை வீட்டார் பொறுக்கிக்கொள்வார்கள். அதுதான் வழக்கம். மற்றதற்கெல்லாம் அக்காவின் சொந்தபந்தம் அப்போதே துண்டு போட்டுவிட்டது.

ஜோடிக்கு ஒரே மாதிரி ஸ்கார்ஃப் தைக்க வேண்டும், ராக்கியும் இங்கேதான் இருக்கிறான், கழுத்தளவு எடுக்க வா என்று அக்கா கூப்பிட்டார்.

நான் தனியாகவா போனேன்? சுரேஷையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போனேன்!

(சுரேஷ் என் நாய். கருப்பு நாட்டு நாய், பாதம் மட்டும் வெள்ளை. இன்னும் கல்யாணம் ஆகவில்லை. எனக்கும்தான்.)

வாசலில் பப்பாளி மரத்தில் அவனைக் கட்டினேன். உள்ளே போய் அளவெடுத்தேன். லைலா பின்பக்கம் போய்விட்டாள். மாப்பிள்ளை ராக்கி ஃபேனுக்கு அடியில் குறட்டை. நானும் அக்காவும் காபி குடித்துக்கொண்டே அவன் குடும்பப் பெருமையைப் பேசி முடித்தோம்.

வெளியே வந்தால் மரத்தில் கயிறும் காலரும் தொங்குகின்றன. சுரேஷைக் காணோம்!

காலரின் பக்கிள் உடைந்திருந்தது. அந்தக் காலர் எந்தக் கடையுடையது என்று யாரும் கேட்க வேண்டாம்.

பின்பக்கம் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பச்சைப் பிள்ளை மாதிரி படுத்திருந்தான். அருகில் லைலா. நான் அவனை அள்ளிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. காலர் உடைந்தது வெளியே தெரிந்தால் கடை என்னாவது?

அப்புறம் லைலாவுக்கு வளைகாப்பு. துணியில் வளையல் தைத்துக் கொடுத்தது நான்தான். உடுமலை அண்ணன் இளநீர்க் குலையோடு சீர் கொண்டுவந்தார். கடையின் ஆன்லைன் பக்கத்தில் வீடியோ போட்டு, "குட்டிகள் அப்பா மாதிரியே பிறக்கட்டும்!" என்று எழுதினேன்.

கடவுள் கேட்டுவிட்டார்.

போட்டோ வந்த ஐந்தாவது நிமிடம் போன்.

"ஏங்கண்ணு, கொஞ்சம் ஊட்டுக்கு வந்துட்டுப் போ. உடுமலைக்காரரும் வந்திருக்குறாரு."

"இதோ வாரேனுங்கக்கா."

தெருநாய் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று பல்லடம் வரைக்கும் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

அங்கே போனால் நிலைமை வேறு. நிறத்தைப் பார்த்ததும் துண்டு போட்ட சொந்தக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் கழன்றுவிட்டார்களாம். பக்கத்து வீட்டுக்காரர், "கோழிப்பண்ணைப் பக்கம் கொண்டுபோயி உட்டுபோடுங்க டீச்சர், பொழைக்கிறது பொழைக்கட்டும்" என்று யோசனை வேறு சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

குட்டிகள் இன்னும் கண்கூடத் திறக்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்று ஏறிப் பால் குடித்துக்கொண்டிருந்தன. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒத்திகையெல்லாம் மறந்துபோனது.

"அக்கா, இது சுரேஷ் வேலைங்க. அன்னைக்கு அவுந்து ஓடிட்டான். காலர் ஒடஞ்சதை நான்தான் மறைச்சுபோட்டேன். மன்னிச்சிருங்க."

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்தக் காலைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு கண்ணு. நீயா சொல்றியான்னு பாத்தேன். அவனுக்கு ஆபரேசன் பண்ணலையா?"

"நல்ல நாள் பாத்துட்டு இருந்தேனுங்கக்கா."

"நீ நாள் பாக்குறதுக்குள்ள அவன் காரியத்தை முடிச்சுபோட்டான் பாரு!"

உடுமலை அண்ணன் சீரைத் திருப்பிக் கேட்பாரோ என்று பயந்தேன். (இளநீரில் நாலு நான் குடித்தது.) அவர் ஒவ்வொரு குட்டியாகத் தூக்கிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, உங்க சுரேசு நல்லாக் குலைக்குமுங்களா?"

"தெருவே கூடிருமுங்கண்ணா."

"எங்க ராக்கி, தேங்கா திருட வந்தவனுக்குக் கை குடுத்து வழியனுப்பி வெச்சுதுங்க. தோப்புக்கு இந்தப் பொட்டக்குட்டி எனக்கு வேணும்."

அக்கா குறுக்கே கை நீட்டிவிட்டார்.

"இருங்க. மொதக் குட்டி மாப்பிள்ளை ஊட்டுக்காரங்களுக்கு. அந்தப் புள்ள எடுக்கட்டும்."

மாப்பிள்ளை வீட்டார் யார் என்று திரும்பிப் பார்த்தேன். நான்தான்!

பால் கிடைக்காமல் ஓரத்தில் தள்ளப்பட்டுக் கிடந்த பொடிசைத் தொட்டேன். "இவன் எனக்குங்கக்கா."

"சரி. மாப்பிள்ளை ஊட்டுச் சீரு எப்ப வருது?"

ஆக, நேற்றிலிருந்து கடையில் வேறு ஆர்டர் எடுக்கவில்லை. சீர்தான் ரெடியாகிறது.

பொடிசு எனக்கு. பெண்குட்டி தோப்புக்கு. மீதி மூன்று பேருக்கு வீடு வேண்டும், மக்களே! லைலாவிடம் பால் குடித்து முடித்ததும், தடுப்பூசி போட்டு, மெத்தை, தட்டு, பொம்மை எல்லாம் வைத்து நானே கொண்டுவந்து விடுகிறேன். உங்கள் வீட்டில் இடம் இருக்கிறதா? இன்பாக்ஸ் வாருங்கள்.

நேரில் வந்து அப்பாவைப் பார்க்கலாம். ஒன்றே ஒன்று, வியாழக்கிழமை அவனுக்கு ஆபரேஷன். தயவுசெய்து அவன் காதுபட யாரும் வாழ்த்துச் சொல்லிவிடாதீர்கள், ஆபரேஷன் விஷயம் இன்னும் அவனுக்குத் தெரியாது!