தொடக்கக் கோப்பில் ஒரு வரி

என் மனைவியை அலுவலகத்தில் 'சர்வரம்மா' என்பார்கள். பேர்தான் பெத்த பேர். கரண்ட் போய் வந்தால் ஓட வேண்டும், அதுதான் வேலை.

அங்கே பெரிய கணினி ஒன்று இருக்கிறது. தான் எந்தக் கணினிக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று காட்டும் டொமைன் பெயரை அது நினைவில் மட்டுமே வைத்திருக்கும். அணைந்து எழுந்தால் மறந்துவிடும். அந்தப் பெயர் இல்லாவிட்டால் ஊழியர் யார் யார் என்பது அதற்குத் தெரியாது. ஒருவரும் உள்ளே நுழைய முடியாது.

"பேர் என்னன்னு யார் வேணா கேக்கலாங்க. வைக்கிறதுக்கு ரூட் பாஸ்வேர்டு, அதான் எல்லாத்தையும் திறக்கிற தலைமைச் சாவி, வேணும். அது என்கிட்ட மட்டும்தான் இருக்கு" என்பாள். முதலில் பெருமையாகத்தான் சொன்னாள். போகப் போக அலுத்துவிட்டது.

கணினி எழும்போதே பெயரும் வந்துவிட, தொடக்கக் கோப்பில் ஒரு வரி எழுதினால் போதுமாம். மேலாளர் விடவில்லை. எப்போதோ எவரோ அந்தக் கோப்பைத் தொட்டு நாள் முழுக்க வேலை நின்றதாம். சூடு கண்ட பூனை! "ஓடறதைத் தொடாதம்மா, அதான் நீ இருக்கியே" என்பார்.

கர்ப்பமாகி ஏழாம் மாதத்தில் அவளுக்கு ரத்தக் கொதிப்பு ஏறியது. படி ஏறக் கூடாது, படுத்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஏற்கெனவே ஒரு பிள்ளையை இழந்தவர்கள் நாங்கள். மறுநாள் மத்தியானமே அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"நீ போகலேன்னா உலகம் அஸ்தமிச்சிடுமா?" என்று கத்தினேன்.

"அத்தனை பேரும் சும்மா உக்காந்திருக்காங்கங்க."

லிப்ட் பழுது. படிக்குப் படி நின்று, மூச்சு வாங்கி, மூன்றாம் மாடி ஏறினாள். நானும் பின்னாலேயே ஏறினேன். பெயரை வைத்தாள். வெளியே 'அப்பாடா' என்றார்கள். அவள் எழுந்திருக்கவில்லை, தொடக்கக் கோப்பைத் திறந்தாள்.

"மேலாளர்கிட்ட கேட்டியா?"

"கேட்டுக் கேட்டு வாய் வலிச்சதுதான் மிச்சம்."

வரியை எழுதி, கணினியை அணைத்துப் போட்டாள். அப்போதுதான் கணினிக்குள் நுழைந்திருந்தவர்கள் எல்லோரும் வேலை அறுந்து கூச்சல் போட்டார்கள். கணினி எழுந்தது, பெயரோடு.

அடுத்த வாரம் காய் நறுக்கிக்கொண்டிருந்தேன், கரண்ட் போய் வந்தது. அவள் எழுந்து உட்கார்ந்து காலால் செருப்பைத் தேடினாள். போன் அடிக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "படு, படு" என்றேன்.

படுக்காமல் அவளே போன் போட்டாள்.

"எல்லாம் ஓடுதா?"

"ஓடுதே! நீங்க யாரு?" என்றது ஏதோ புதுக் குரல்.

போனை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

"நல்லதுதானே?" என்றேன்.

"நல்லதுதாங்க" என்றாள், அழுதுகொண்டே.