ரெக்கைக்குள் உட்கார மறுத்தவர்

வள்ளியூரில் பஸ் ஏறி என்னருகே உட்கார்ந்த கருப்பட்டி வியாபாரி, இருக்கையைக்கூடத் தட்டிப் பார்த்துத்தான் நம்பினார். மஸ்கட்டில் மகளுக்குப் பேறுகாலம். முதல் விமானப் பயணத்துக்கு டிக்கெட் எடுக்கத் திருநெல்வேலி போகிறார்.

தைரியமூட்டுவதாக நினைத்து, பத்திரிகையில் படித்த வருங்கால விமானத்தை அவிழ்த்துவிட்டேன். "உடம்பும் ரெக்கையும் ஒண்ணாயிருக்கும் அண்ணாச்சி. ரெக்கைக்குள்ளயும் ஆள் உக்காரலாம். ஜன்னல் கிடையாது, திரையில வானத்தைக் காட்டுவான்."

"அவன் காட்டுததை எப்படி நம்ப? ரெக்கையிலயும் ஆளை அடைச்சா பறக்குதது யாருவே? நான் வீட்டுக்கே திரும்புதேன்."

நாங்குநேரியில் இறங்க எழுந்தவர் கேட்டார்: "நீரு எத்தனை தடவை பறந்திருக்கீரு?"

"மெட்ராஸுக்கே ரயில்தான் அண்ணாச்சி."

கருப்பட்டிப் பையை என் பக்கத்திலிருந்து மடிக்கு மாற்றிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். "உம்ம பேச்சை நம்பி மகளைத் தவிக்கவிடப் பாத்தேனேவே!"

திருநெல்வேலியில் இறங்கியதும் நேராக டிக்கெட் எடுக்கப் போனார். ஒருத்தருக்கு நான் உருப்படியாக உதவியது அன்றைக்குத்தான். சொன்னால் நம்பியிருக்க மாட்டார்.