கப்பல் பெட்டிக்குள் போன கண்ணாடி

இரண்டு வருடங்களுக்கு முன், நாங்கள் இருக்கும் மிச்சம் என்ற ஊரில் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்திலிருந்து தேம்ஸ் கரையிலுள்ள ஒரு மியூசியத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போனார்கள். துணைக்குப் பெற்றோர் தேவைப்பட்டதால் நானும் போனேன். நாலு பேர் முன்னால் வாய் திறக்காத ஆள் நான். அப்படியிருந்தும் ரயிலிலேயே மகள் எச்சரித்தாள்: "அம்மா, ப்ளீஸ், என்னை எம்பரஸ் பண்ணாதேங்கோ."

அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கப்பல் ஒன்றின் கீழ்த்தட்டை அப்படியே செய்து வைத்திருந்தார்கள். ஆஸ்திரேலியாவில் குடியேறப் போன ஏழைக் குடும்பத்தினர் அதற்குள் மாதக் கணக்கில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்களாம். கப்டன் வேஷம் போட்ட வயதான வழிகாட்டி ஒரு சின்ன மரப்பெட்டியைக் காட்டினார். மேசையில் கம்பளி, சப்பாத்து, காலுறை, தகரக் கோப்பைகள். எல்லாவற்றையும் அதற்குள் அடுக்க வேண்டும். பிள்ளைகள் அடுக்கினார்கள், பாதி வெளியே நின்றது. டீச்சர் சிரித்தபடி என்னை முன்னால் தள்ளிவிட்டார்.

பெட்டியைத் தொட்டதும் யாழ்ப்பாணம் போகக் கட்டும் சூட்கேஸ்தான் கண்முன் வந்தது. இடைவெளி கண்டால் எனக்குப் பொறுக்காது. மேசை வெறுமையானதும், "ஏறி இரு பிள்ளை!" என்று மகளைக் கூப்பிட்டேன். இன்னும் சில பிள்ளைகளும் ஓடிவந்து ஏற, மூடி பூட்டிக்கொண்டது. ஒரே கைதட்டல்.

அடுத்ததாகப் பயணிகளின் பெயர்களை வாசிக்க வழிகாட்டி தன் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். காணவில்லை. வகுப்பு முழுவதும் தரையில் தவழ்ந்து தேடியது. நானும் தவழ்ந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேசையில் கிடந்த கம்பிக் கண்ணாடியைக் கப்பல் காலத்துச் சாமான் என்று நினைத்து நானல்லவா உள்ளே வைத்தேன்!

மகளின் காதுக்குள் சொன்னேன். "பிள்ளை, கண்ணாடி பெட்டிக்குள்ளை கிடக்குது."

"எந்தப் பெட்டி?"

"நீ ஏறி இருந்த பெட்டி."

"அம்மா!"

முடிந்தது, இனி இவள் என்னோடு கதைக்கமாட்டாள் என்று நினைத்தேன். அவளோ எழுந்து நின்று, எல்லாருக்கும் கேட்க ஆங்கிலத்தில் சொன்னாள்: கண்ணாடி பத்திரமாக இருக்கிறது, என் அம்மா பாக் பண்ணிவிட்டா!

மூடியைத் திறந்ததும் சாமான்கள் துள்ளி விழுந்தன. சப்பாத்துக்குள் காலுறை, காலுறைக்குள் கண்ணாடி. ஒரு கீறலும் இல்லை. கண்ணாடியோடு சேர்ந்து உள்ளே போயிருந்த அவருடைய மத்தியானச் சான்ட்விச் மட்டும் அப்பளமாகி வந்தது. கப்பல் மூழ்கியிருந்தாலும் தன் கண்ணாடி தப்பியிருக்கும் என்று சொல்லி, அவர் அந்தச் சான்ட்விச்சையும் கடித்துச் சாப்பிட்டார்.

"என் அம்மா" என்று அவள் சொன்ன குரலில் வெட்கம் கொஞ்சமும் இருக்கவில்லை, பெருமைதான் இருந்தது. ஏன் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை, கேட்டால் அது குறைந்துவிடுமோ என்று ஒரு பயம்.