மாப்பிள்ளை விற்ற சோப்பு

என் தங்கை புருஷனுக்கு வேலை போய் எட்டு மாதம். ஏன் போனது என்று கேட்டால், "அங்க எனக்கு ஈடு குடுக்க ஆள் இல்ல மச்சான்" என்பார். அந்த எட்டு மாதமும் தங்கை சூப்பர்மார்க்கெட்டில் பில் போடும் கவுண்டரில் தினம் இரண்டு ஷிப்ட் நின்றாள். கால் வீங்கி, ஒரு அளவு பெரிய செருப்பு வாங்கினாள். மாப்பிள்ளைக்கு வேலை கிடைத்தால்தான் ஒரு ஷிப்டையாவது விட முடியும்.

கடைசியில் ஒரு கம்பெனி கூப்பிட்டது. வேலைக்கு எடுக்குமுன் வீட்டிலிருந்தே செய்து காட்ட ஒரு சின்னச் சோதனையும் கொடுத்தது. சூப்பர்மார்க்கெட்டில் பில் போடுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுத வேண்டும். சோப்பு ஒன்று நாற்பது, மூன்று எடுத்தால் எண்பது. பொருளைச் சேர்த்தாலும் எடுத்தாலும் மொத்தம் சரியாக வர வேண்டும். ஒரு மாலை நேரம் போதும் என்று அவர்களே எழுதியிருந்தார்கள். ஐந்து நாள் அவகாசம்.

நம்ம ஆளுக்கு ஒரு மாலை போதுமா? முதல் நாள் முழுக்கப் புரோகிராமில் வரும் கடைக்குப் பெயர் யோசித்தார். இரண்டாம் நாள் அதற்கு ஆயிரம் கிளை திறந்தார். மூன்றாம் நாள் பத்து நாட்டுப் பணத்துக்கு ஏற்பாடு நடந்தது. நான்காம் நாள், பில்லின் அடியில் நன்றி சொல்லும் வரிக்கு என்ன நிறம் என்று மண்டையை உடைத்துக்கொண்டார். சோப்பு இன்னும் விற்றபாடில்லை. ஐந்தாம் நாள் அவசர அவசரமாக அதை எழுதும்போதுதான் தங்கை எட்டிப் பார்த்தாள்.

"மூணு எடுத்தவங்க ஒண்ணு வேணாம்னு திருப்பிக் குடுத்தா?"

"ஒண்ணோட விலையைக் கழிச்சாப் போச்சு."

"கழிக்கக் கூடாதுங்க. சலுகை போயிடும்ல, மொத்தத்தையும் மறுபடி போடணும். எங்க கவுண்டர்ல தினமும் இதே தகராறுதான்."

"நீ பட்டனை அமுக்குறவ. நான் பட்டனுக்குள்ள இருக்கிறதை எழுதுறவன். போய் வேலையைப் பாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் கண்ணாலேயே என்னை அடக்கிவிட்டாள்.

மறுநாள் கம்ப்யூட்டர் வழியாகவே நேர்முகத் தேர்வு. அறைக் கதவு சரியாக மூடாது. கூடத்தில் நானும், கடைச் சீருடையில் கிளம்பத் தயாராகத் தங்கையும் நின்றிருந்தோம். தேர்வு செய்யும் அம்மா ஆயிரம் கிளைகளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்று சோப்பைச் சேர்த்தார். எண்பது. ஒன்றை எடுத்தார். நாற்பது.

"ரெண்டு சோப்பு நாப்பதாங்க?"

மாப்பிள்ளை நன்றி வரியின் நிறத்தைக் காட்ட ஆரம்பித்தார்.

"கடையில பில் போடுற யார்கிட்டயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார் அந்த அம்மா, நல்ல விதமாகத்தான்.

"அப்படி எனக்கு யாரையும் தெரியாதுங்க மேடம்."

தங்கை சீருடையின் கடைசிப் பொத்தானைப் போட்டு முடித்தாள். உள்ளே அந்த அம்மா வருத்தம் தெரிவித்து விடைபெற்றுக்கொண்டிருந்தார்.

வெளியே வந்த மாப்பிள்ளை, "அந்தம்மாவுக்கு விஷயமே தெரியல மச்சான்" என்று என்னிடம் ஆரம்பித்தார். வெட்கம் என்பது அந்த உடம்பில் எந்தப் பக்கமும் இல்லை.

தங்கை பையைத் தோளில் மாட்டினாள். "எங்க கடையில பில் போட ஆள் எடுக்குறாங்க. நாளையிலேர்ந்து என் ரெண்டாவது ஷிப்டுக்கு நீங்க வாங்க. ஒரு வாரம் நான் பக்கத்துல நின்னு சொல்லித் தர்றேன்."

மாப்பிள்ளை குத்தல் என்று நினைத்து முகத்தைத் தூக்கிக்கொண்டார். என் தங்கைக்குக் குத்திப் பேசவே வராது.